கிராவல் எடுத்த குழியை மேய்ச்சல் நிலமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சாலை போடவும் மனை நிரவவும் கிராவல் தோண்டியெடுத்து அப்படியே விட்டுப்போன குழிகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. அவற்றில் பல, ஒரு தலைமுறைக்கு முன்பு வரை ஆடுமாடு மேய்ந்த சரளை மேடுகள். அப்படி ஒரு குழியைப் பட்டாவில் வைத்திருப்பவர்களும், ஊர்ப் புறம்போக்கில் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காதவர்களும், மேய்க்க இடமில்லாமல் மந்தையைக் குறைத்துக்கொண்டே வருபவர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

தோண்டிய இடத்தில் மறுபடியும் புல் வருமா?

வரும். ஆனால் தானாக வராது. தானாக வருவது சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும்தான்.

கிராவலோடு சேர்ந்து மேல்மண்ணும் லாரியில் ஏறிப் போய்விட்டது. அதில் இருந்த விதை, வேர், கரையான், மண்புழு எல்லாம் அதோடு போயின. மிச்சம் இருப்பது பாறை சிதைந்து உண்டான அடிமண். அதன்மேல் டிப்பர் லாரிகள் மாதக்கணக்கில் ஓடி அதைத் தளம் போல இறுக்கிவைத்திருக்கின்றன. கடப்பாரையை ஓங்கிக் குத்திப் பாருங்கள். அரை அடி இறங்கவில்லை என்றால் புல்லின் வேரும் இறங்காது, மழைநீரும் இறங்காது. இந்த இறுக்கத்தை உடைத்து, ஓடும் நீரை நிறுத்தி, ஊர்ப் புல்லின் விதையைப் போட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் தரை பச்சையாக மூடிவிடும். பழைய மேல்மண் மீண்டும் உருவாவது நம் ஆயுளுக்குள் நடக்கிற காரியம் அல்ல. ஆனால் மேய்ச்சலுக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

மரக்கன்று நட்டுவிட்டால் போதாதா? எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் போதாது என்றுதான் சொல்வேன்.

பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சரளை மேடுகள் அடர்ந்த காடாக இருந்தவை அல்ல. அகன்ற புல்வெளி, அங்கங்கே ஒரு வெள்வேல், ஒரு துரிஞ்சி, ஓர் ஆச்சா, ஓர் இலந்தைப் புதர். அதுதான் அந்த நிலத்தின் இயல்பு. ஆலம்பாடி மாடும் மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் இப்படிப்பட்ட நிலத்தில் மேய்ந்து உருவான இனங்கள். ஆலம்பாடி மாட்டுக்கென்று காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. மாட்டைக் காப்பாற்ற மையம் வேண்டும், சரி. அது மேய நிலமும் வேண்டும் அல்லவா?

வருவாய்ப் பதிவேட்டில் இந்த நிலங்களுக்கு 'தரிசு' என்று பெயர் எழுதிவைத்ததால், எதையாவது நட்டு நிரப்ப வேண்டிய வெற்றிடம் என்ற எண்ணம் வந்துவிட்டது. தைலமரத்தை நெருக்கி நட்டால் அதனடியில் புல் வராது. இறுகிய அடிமண்ணில் ஓர் அடிக் குழி போட்டு வைத்த கன்று, முதல் கோடையில் காய்ந்துவிடும். பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதையும் புல் பிடித்த பிறகு வையுங்கள். வெள்வேல் நெற்று கோடையில் ஆட்டுக்குத் தீவனம்; துரிஞ்சி நிழலில் புல் தழைக்கும். கொங்குச் சீமையில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியுமாகக் கொறங்காடு என்று வைத்திருக்கிறார்களே, அதுதான் நமக்கு அருகில் இருக்கிற நல்ல முன்மாதிரி.

குழியைச் சரிசெய்ய வேண்டியது சட்டப்படி யார் பொறுப்பு?

குத்தகை எடுத்துத் தோண்டியவர் பொறுப்பு. கிராவல் போன்ற சிறுகனிமங்களுக்கான, ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் 27.02.2012 அன்று சொன்னது. பிறகு காமன் காஸ் வழக்கில் 08.01.2020 அன்று இன்னும் நேரடியாகச் சொன்னது: சுரங்கப் பணி முடிந்ததும், தோண்டிய இடத்திலும் அதனால் சிதைந்த மற்ற இடத்திலும் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரத் தகுந்த நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும். 16.01.2020 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதை அனுமதி நிபந்தனையாகச் சேர்க்க உத்தரவிட்டது. மரக்கன்று என்றல்ல, புல் என்றே சொல்லியிருக்கிறார்கள். இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் ஊர்க் குழி அதற்குப் பின் அனுமதி பெற்றதென்றால், அனுமதிக் கடிதத்தைப் பரிவேஷ் இணையதளத்தில் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். சுரங்கத் திட்டத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். குழியை மூடும் விதம் அதில் எழுதியிருக்கும். கடைசி லாரி வெளியேறுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இயந்திரம் குழிக்குள் நிற்கும்போது ஒரு நாளில் முடிகிற சரிவு வேலைக்கு, அது போன பிறகு ஊரே பணம் திரட்ட வேண்டியிருக்கும்.

பழைய குழி. தோண்டியவர் யாரென்றே தெரியவில்லை. புறம்போக்கு நிலம்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். மேய்க்கால் அல்லது மந்தைவெளி என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 28.01.2011 அன்று வந்த தீர்ப்பு துணைக்கு நிற்கும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, நிதிக்கு ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் சுற்றுச்சூழல் பணிக்கு இடம் உண்டு.

முதல் வேலை என்ன? விதை வாங்கி வைத்துவிட்டோம்.

விதை இருக்கட்டும். முதலில் சரிவு, அடுத்தது நீர், மூன்றாவது இறுக்கம். விதை நான்காவது.

குழியின் சுவர்கள் செங்குத்தாக நின்றால் ஆடும் விழும், குழந்தையும் விழும், மழைக்குச் சுவரும் விழும். ஓர் அடி உயரத்துக்கு மூன்று அடி கிடையாக வருமாறு சுவரைத் தேய்த்துச் சரித்துவிட்டால் மாடு தாராளமாக ஏறி இறங்கும், புல்லும் நிற்கும். எல்லாப் பக்கமும் முடியாவிட்டால் இரண்டு பக்கமாவது.

நம் பக்கத்து மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 800 முதல் 900 மில்லிமீட்டர். குறைவில்லை. ஆனால் சில மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஓர் அங்குல மழை என்றால் ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். இறுகிய தரையில் அது கொஞ்சமிருக்கும் நுண்மண்ணையும் வாரிக்கொண்டு குழியின் தாழ்ந்த மூலைக்கு ஓடும். அதைத் தடுக்கத்தான் சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்புகள். மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கிற தெளிந்த குழாய் போதும். சரிவு அதிகமான இடத்தில் வரப்புகளை நெருக்கிப் போடுங்கள். தாழ்ந்த மூலையை மூட வேண்டாம்; ஒரு பக்கம் நன்றாகச் சரித்துக் குட்டையாக விடுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு மிகுந்த இந்த மாவட்டங்களில், தேங்கிய மழைநீர் கால்நடைக்கு நல்ல குடிநீர்.

பிறகு உளிக்கலப்பை. மாசி, பங்குனியில் மண் காய்ந்து கிடக்கும்போது, சரிவுக்குக் குறுக்காக ஒன்றரை அடி ஆழம் வரை கீறிவிடுங்கள். ஈரத்தில் ஓட்டினால் மண் உடையாது, வழவழவென்று இழுபட்டு இன்னும் இறுகும். டிராக்டருக்கு அசையாத தரை என்றால் பொக்லைனின் பல்லால் கீற வேண்டும். கட்டியும் கரடுமாக இருப்பதைப் பார்த்து, பரம்படித்து நைசாக்க ஆசைப்படாதீர்கள். அந்தப் பள்ளங்களில்தான் நீர் நிற்கும், காற்றில் வரும் சருகும் விதையும் தங்கும். கோடை மழை இரண்டு பெய்ததும் நடந்து பாருங்கள். எந்த வரி ஈரமாக இருக்கிறது, எது உடைத்துக்கொண்டது என்று நிலமே காட்டும்.

வெளியிலிருந்து மண் கொண்டுவந்து குழியை நிரப்பினால் என்ன?

ஓர் ஏக்கரில் வெறும் நான்கு அங்குலம் மண் பரப்பவே 400 கன மீட்டர் வேண்டும். அவ்வளவு மண்ணை இன்னொரு நிலத்திலிருந்து எடுத்தால் குழி இடம் மாறுகிறது, அவ்வளவே. ஏரி வண்டல் கிடைத்தால், வட்டாட்சியர் அனுமதியோடு எடுத்துவந்து, விதைப்புப் பாத்திகளில் மட்டும் மெல்லியதாகத் தூவலாம்.

குப்பை, கோழிக்கழிவு, கட்டட இடிபாடு, ஆலைக்கழிவு எதையும் உள்ளே விடாதீர்கள். 'இலவசமாக நிரப்பித் தருகிறோம்' என்று வருகிற லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கிரானைட் அறுக்கும் பட்டறைச் சேறும் ஆகாது. காய்ந்ததும் அது தரையின்மேல் பூச்சு போல இறுகிவிடும். புல்லும் முளைக்காது, நீரும் புகாது.

ஆட்டுப் பட்டி போடச் சொல்கிறார்களே, உண்மையிலேயே பலன் உண்டா?

என்னைக் கேட்டால், பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. உயிரற்ற அடிமண்ணுக்கு மூன்று பொருள் வேண்டும்: மட்கு, தழைச்சத்து, நுண்ணுயிர். மூன்றையும் ஆடு ஒரே இரவில் கொண்டுவந்து போடுகிறது. சிறுநீர் உடனே மண்ணில் இறங்குகிறது. குளம்பு புழுக்கையை மிதித்து மண்ணோடு சேர்க்கிறது. கீறிப்போட்ட கட்டிகளையும் அளவாக உடைக்கிறது. ஓர் இடத்தில் இரண்டு மூன்று இரவு, பிறகு படலை நகர்த்திப் பக்கத்து இடம். இப்படி வைகாசி, ஆனியில் குழி முழுவதும் சுற்றிவந்துவிட்டால் ஆடி மழைக்கு நிலம் தயாராகிவிடும். பட்டி போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஐப்பசியில் வரப்பில் நின்று பார்த்தால் கோடு கிழித்தாற்போல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மந்தை அதற்கு முன்பு எங்கே மேய்ந்தது என்று மேய்ப்பரிடம் கேளுங்கள். சீமைக்கருவேல நெற்று தின்ற ஆடுகள் என்றால், அந்த விதைகள் புழுக்கையில் உயிரோடு வந்து விழும். நான்கைந்து நாள் வேறு தீவனத்தில் இருந்த பிறகு வரச் சொல்லுங்கள். மேய்ப்பருக்கு வழக்கமான பட்டிக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நிலத்தில் புல் வந்த பிறகு முதல் மேய்ச்சல் உரிமையும் அவருக்கே என்று இப்போதே பேசிக்கொண்டால், விதைத்த இடத்துக்குள் பிற மந்தை நுழையாமல் அவரே பார்த்துக்கொள்வார்.

எந்தப் புல்லை விதைப்பது?

ஒரே புல்லை விதைக்காதீர்கள். கொழுக்கட்டைப் புல் முதுகெலும்பாக இருக்கட்டும். வறட்சி தாங்கும், சரளையில் வேர்விடும், ஆடும் மாடும் விரும்பித் தின்னும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டைப் புல் ரகமும் உண்டு. ஆனாலும் உங்கள் ஊர்க் கரட்டோரத்தில், கோயில் நிலத்தில், பழைய வரப்புகளில் நிற்கிற புல்லின் விதைதான் உங்கள் குழிக்கு முதல் தேர்வு. பல கோடைகளைத் தாண்டி அங்கே நின்ற வித்து அது. ஈரம் நிற்கும் பள்ளங்களுக்கும் வரப்புகளுக்கும் அருகு. அவற்றின் ஊடே நரிப்பயறும் சங்குப்பூக் கொடியும். கொழுஞ்சி தானாக வந்தால் பிடுங்க வேண்டாம். ஆடு அதை அவ்வளவாகத் தொடாது என்றாலும் வேரில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும்.

மேட்டில் ஊசிப்புல் வரும். பலருக்கு இதன்மேல் கோபம். விதை முற்றியதும் ஊசி போன்ற முனை ஆட்டின் தோலிலும் வாயிலும் குத்தும். ஆனால் அந்த விதையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் கூரிய, மயிர் படர்ந்த விதை. மறுமுனையில் திருகிய நீண்ட கருப்புக் கூர். உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திருகு மெல்லப் பிரிந்து சுழலத் தொடங்கும். ஈரத்தில் பிரிந்து, வெயிலில் மீண்டும் முறுக்கிக்கொண்டு, மண்ணுக்குள் தன்னைத்தானே துளையிட்டுப் புதைத்துக்கொள்ளும் விதை அது. கலப்பை கிடைக்காத சரிவில் அதற்கு இணையான வேலையாள் இல்லை. விதை கட்டுவதற்கு முன் மேய்த்துவிட்டால் தொல்லையும் இல்லை.

விதைக்கும் பருவம், முறை?

ஆடிக் கடைசி முதல் புரட்டாசித் தொடக்கம் வரை. நமக்கு ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில்தான் மழை கூடுதல். முளைத்த புல் மார்கழிக்குள் வேர் பிடித்துவிடும். கொழுக்கட்டைப் புல்லின் புது விதை உடனே முளைக்காது. ஆறேழு மாதம் உறங்கும். ஆகவே சென்ற ஆண்டு உருவிய விதையே ஏற்றது. வாங்கிய விதையை நம்பிவிடாமல், நூறு விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும்; முளைப்பு குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். விதை பஞ்சு போல இருப்பதால் காற்றில் பறக்கும். ஈர மணலும் மட்கிய சாணமும் கலந்து தூவி, முள் கிளையை இழுத்து மேலாக மூடுங்கள். அரை அங்குலத்துக்குக் கீழே போனால் வெளியே வராது. மழை பிடித்த நாளில் பழைய தூர்களைப் பிரித்து நடுவது இன்னும் உறுதியான வழி. கைவேலை அதிகம், ஆனால் வீணாவது குறைவு.

மண் மிகவும் வெளுத்துக் கிடந்தால் முதல் ஆண்டு கொள்ளு மட்டும் விதையுங்கள். பூக்கும் தருவாயில் அறுத்து அங்கேயே பரப்பிவிட்டு, புல்லை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பு நேப்பியர் புல் நட்டால் சீக்கிரம் தீவனம் கிடைக்காதா?

அதற்குப் பாசனம் வேண்டும், உரம் வேண்டும். தோட்டத்துப் பயிர் அது.

சீமைக்கருவேலம் ஏற்கெனவே மூடிவிட்டது. என்ன செய்வது?

வெட்டினால் தூரிலிருந்து நான்காகக் கிளைக்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். வேர் பெயர்ந்த அந்தக் குழியிலேயே அதே வாரத்தில் புல் தூர் வைக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுவதையும் பெயர்த்துவிட்டு வெற்றுத்தரையாக விடுவதைவிட, விதைக்க முடிகிற அளவு பரப்பை மட்டும் ஆண்டுதோறும் எடுப்பது நல்லது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை அணிந்து பிடுங்குங்கள்.

எப்போது மேய விடலாம்? எத்தனை ஆடு?

முதல் ஆண்டு விடவே கூடாது. இளம்புல்லை ஆடு வேரோடு பிடுங்கிவிடும். இரண்டாம் ஆண்டு அறுத்துப் போடலாம். மூன்றாம் ஆண்டு, ஒரு தூரைப் பிடித்து இழுத்தால் இலை அறுந்து வேர் அசையாமல் நிற்கிறதென்றால் திறந்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் புல்லை அறுத்து, காயவைத்து எடை போடுங்கள். நன்றாக இருக்கும் இடம், மோசமான இடம், நடுத்தரம் என்று சில இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். சராசரி 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். ஆக 600 கிலோ காய்ந்த புல். பாதி ஆட்டுக்கு, பாதி நிலத்துக்கு. ஆட்டுக்கு 300 கிலோ. 30 கிலோ எடையுள்ள செம்மறி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தின்னும். பத்து ஆடு முப்பது நாள் மேயலாம். அதற்குமேல் இன்னொரு நிலம் பார்க்க வேண்டும். நிலத்துக்கு விட்ட பாதியைக் கண்டு 'வீணாகக் காய்கிறதே' என்று பதறாதீர்கள். அடுத்த மழையில் வேர் தளிர்ப்பதும், மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் காப்பதும் அந்தப் பாதிதான். புல் நான்கு விரல் உயரத்துக்குக் குறைந்ததும் மந்தையை வெளியே ஓட்டிவிடுங்கள். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிற பழக்கம் ஊரில் இருந்தால் எல்லையைச் சுற்றி ஆறடி அகலம் செதுக்கிவையுங்கள்.

காட்டோரத்துக் குழி. யானை வருமா?

தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் வனப்பகுதியை ஒட்டியிருந்தால் வரும். குட்டையில் தண்ணீர் இருந்தால் கட்டாயம் வரும். குட்டையின் கரைகள் எல்லாப் பக்கமும் சரிவாக இருந்தால்தான் குட்டியானை உள்ளே சிக்காது. வேலை தொடங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

சுவர் முழுவதையும் சரித்துவிட வேண்டுமா?

பாதுகாப்பான ஒரு மூலையில், ஆள் உயரத்துக்கு மிகாத செம்மண் சுவர் ஒன்றை விட்டுவையுங்கள். பஞ்சுருட்டான் பறவை அதில் பொந்து குடைந்து முட்டையிடும். புல் வந்தால் வெட்டுக்கிளி வரும். அதைப் பிடிக்கப் பஞ்சுருட்டானும் வரும். கௌதாரியும் காடையும் ஆள்காட்டியும் தரையிலேயே முட்டையிடும். ஆகவே அறுப்புக்குப் போகுமுன் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

பக்கத்து மேட்டிலும் கிராவல் கேட்கிறார்கள். எனக்குப் பணம் தேவைப்படுகிறது.

தேவை உங்களுடையது, அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முறையான அனுமதி பெற்றவருக்கே கொடுங்கள். கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுதி வாங்குங்கள். மேல்மண் அரை அடியைத் தனியாக வழித்து எடுத்து, உங்கள் நிலத்திலேயே ஆள் உயரத்துக்கு மேற்படாமல் நீளமாகக் குவிக்க வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணின் உயிர் செத்துவிடும். குவியலின்மேல் நீங்கள் கொள்ளு தூவிவிடுங்கள். தோண்டி முடித்த பகுதியை, அடுத்த பகுதியைத் தொடுமுன் சரித்து, கீறி, அந்த மேல்மண்ணைப் பரப்பித் தர வேண்டும். இதற்கு ஆகும் இயந்திரச் செலவுக்கு ஈடான தொகையைப் பிணையாக முன்கூட்டியே வாங்கிவையுங்கள். வேலை முடிந்து ஒரு மழை பெய்து, வரப்பு உடையாமல் நின்றதைப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள்.